கண்ணாடி மாளிகைக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டு முன்னறை பெரியதல்ல. உட்கார ஒரு மர வாங்கு, தொலைக்காட்சி மேசை, சுவரில் சாமித் தட்டு, இவ்வளவுதான். விருந்தாளி வந்தால் வந்தவர் உட்காருவார், வீட்டார் நிற்போம். அந்த அறையை என் மருமகள் ஆவணி கடைசியிலிருந்து புரட்டாசி முடியும் மட்டும் தன் படத்துக்கு எடுத்துக்கொண்டாள். வாங்கு வாசலுக்குப் போனது. தொலைக்காட்சி என் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தது. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, ஒரு கதவைக் கழற்றிச் சாய்த்ததைவிடப் பெரிசு, சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்டித்தான் நான் சமைக்கக் குசினிக்குப் போக வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருக்களித்துப் போவேன், பெயின்ட் படக் கூடாதென்று. சேலைக்காக அல்ல, படத்துக்காக. இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

நாங்கள் இருப்பது அலுவிகாரையில், மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு சின்னப் பாதையில். என் உழைப்புக் காலமெல்லாம் ரிவர்ஸ்டன் போகும் வழியில் தேயிலை மலையில் கழிந்தது. வயதாகித் தோட்டத்தில் பேர் வெட்டிய பிறகு இங்கே இறங்கி வந்தோம். மகன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். மாதம் ஒரு தடவை வருவான், சாப்பிடுவான், தூங்குவான், போவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மருமகளும்தான்.

அவள் சித்திரம் படித்தவள். இங்கே பக்கத்தில் ஒரு பத்திக் பட்டறையில் இருந்தாள். மெழுகை உருக்கித் துணியில் கோடு போட்டுச் சாயம் ஏற்றுகிற வேலை. யானை, மயில், பெரஹெரா ஊர்வலம், மறுபடியும் யானை. பெட்ரோலுக்கு எல்லாரும் வரிசையில் நின்ற அந்தக் கெட்ட வருடத்தில் வெள்ளைக்காரர்கள் வராமல் போனார்கள், பட்டறையில் ஆள் குறைத்தார்கள், அவளும் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பட்டறையிலிருந்து யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அதன் பிறகுதான் வெளிநாட்டுப் பேச்சு வந்தது. அரபு நாட்டில் வீட்டு வேலை. பாஸ்போட் எடுத்தாயிற்று. ஏஜென்சிக்காரன் வாரத்துக்கு வாரம் போன் எடுத்தான். "தீபாவளி கழியட்டும், சொல்றேன்" என்று அவள் தவணை சொல்லி வைத்திருந்தாள். மகனும் "அவ இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் மழையில் நின்றோம், அட்டை கடித்தது, தொரை ஏசினான், எல்லாம் உண்மைதான். ஆனால் வேலை முடிந்தால் எங்கள் கூரைக்குக் கீழே வந்து படுத்தோம். யாரோ ஒருத்தர் வீட்டுக் குசினியில் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் படுப்பதை நான் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை. ஆனால் மருமகளிடம் போய் "போகாதே" என்று கேட்டு நிற்கிற பழக்கம் எனக்கில்லை.

நான் சும்மா இருப்பவளும் இல்லை. பலாபத்வலையில் ரோட்டோரமாக ஒரு ஹாஜியாரின் வாசனைச் சரக்குத் தோட்டம் இருக்கிறது. கார்களிலும் பஸ்களிலும் வருகிறவர்களுக்குக் கறுவா, மிளகு, ஏலம் எல்லாம் செடியோடு காட்டி, தேத்தண்ணி கொடுத்து, சாமான் விற்பார்கள். சாதிக்காய்க் காலத்தில் நான் அங்கே போவேன். கொட்டைமேல் பின்னிக்கொண்டிருக்கும் சிவப்புப் பூவைக் கிழியாமல் உரித்து வெயிலில் பரப்புகிற வேலை. ஹாஜியார் என் வயதுக்காரர். பேச்சுக் கொடுத்தால் விடமாட்டார்.

அவர் அங்கே புதிதாக ஒரு மண்டபம் கட்டினார், வருகிறவர்கள் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க. ஒரு நாள் நான் பூ உரித்துக்கொண்டிருந்த மர நிழலுக்கு வந்து நின்று சொன்னார்: "ஆச்சி, ஹோலுக்கு ஒரு நீட்டுச் செவுரு ஈக்குது. மொட்டயா ஈக்குது. ஒரு படம் போடணும். நல்லா கீறுற ஆள் ஆரும் ஈக்கா?"

"ஆளு எதுக்கு? எம் மருமக இருக்கா."

"யானை கீறுவாவா?"

"யானையும் கீறுவா, யானைக்காரனையும் கீறுவா. மொதல்ல கூப்ட்டு பேசுங்க."

கூட்டிக்கொண்டு போனேன். ஹாஜியார் தன் அறையில் ஒரு பழைய படத்தின் பிரதியைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஊருக்குப் போய் அனுப்பி வைத்ததாம். லண்டன் பட்டணத்தில், மகாராணி காலத்தில், உலக நாடுகளையெல்லாம் கூட்டி ஒரு பெரிய கண்காட்சி நடந்திருக்கிறது. அதற்கென்றே இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு மாளிகை கட்டியிருக்கிறார்கள். செங்கல் சுவர் கிடையாது. உள்ளே நின்ற பெரிய மரங்களைக்கூட வெட்டாமல் அவற்றுக்கும் மேலே கூரை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாட்டுச் சாமானுக்கும் ஒரு இடம். நம் நாட்டுக்கும் ஒரு இடம் இருந்ததாம். "எங்கட கறுவாவும் அங்க போயீக்குது, மகள்" என்று ஹாஜியார் என் மருமகளிடம் சொன்னார், தானே கட்டி அனுப்பியது போல. "அந்தக் கண்காட்சிதான் செவுத்துல வேணும். நல்லா வந்திச்சின்னா மத்தச் செவுரு, போத்தல்ல ஒட்டுற படம், பெயர்ப்பலகை, எல்லாம் நீங்களே செய்யலாம். வருஷம் முழுக்க வேல ஈக்கும்."

அவள் அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு கேட்டாள்: "எனக்குத் தோணுற மாதிரி செய்யலாங்களா?"

"அந்தக் கண்காட்சின்னு தெரியணும். அது போதும்."

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இந்தப் படம் அவருக்குப் புடிச்சா நான் போகல, மாமி."

நான் அரிசி களையப் போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

*

சட்டம் அடித்துக் கொடுத்தது பக்கத்து வீட்டு பாஸ். சிங்களவர், நல்ல தச்சர். துணி கட்டியானது, வெள்ளை பூசியானது. இனி மாளிகை வரும், மகாராணி வருவாள், ஒரு யானையாவது வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது முக்கோணம். மறுநாள் இன்னொரு முக்கோணம். ஒரு பெரிய அரைவட்டம் போட்டு, அதற்குள் விசிறி மடிப்புப் போல நீலமும் பச்சையுமாகத் துண்டு துண்டாக இறக்கினாள். கறுத்த மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழே ஓடின. அடியில் வரிசையாகச் சதுரங்கள்.

"என்னா புள்ள இது, தகரத்த வெட்டிப் போட்ட மாதிரி?"

"கூரை மாமி. கண்ணாடிக் கூரை. கோடெல்லாம் இரும்பு."

"ஆளுக எங்க?"

"ஆளுக இல்ல."

"ஆளில்லாத கண்காட்சியா? அத யாரு பாக்குறது?"

"நீங்கதான் பாக்குறீங்களே" என்றாள்.

வாய்க்கு வாய் பேசுவாள். அது எனக்குப் பிடிக்கும்.

பாஸ் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பராலயக் அடுய்" என்றார். ஒரு கைமரம் குறைகிறதாம். கூரை அடிக்கிறவர் கண்ணுக்குக் கூரையாகவே தெரிந்திருக்கிறது, பாருங்கள். மற்ற வீட்டுப் பெண்கள் வந்து கோலமா என்று கேட்டார்கள். கோலம் என்றால் எனக்குத் தெரியாதா? "கோலத்த யாராச்சும் செவுத்துல சாய்ச்சு வைப்பாங்களா, போங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அவள் கோடு நேராக வருவதற்கு டேப் ஒட்டிப் பூசுவாள். பூசிக் காய்ந்ததும் டேப்பை உரித்தால், கத்தியால் வெட்டிய மாதிரி ஓரம் நிற்கும். டேப் நீளமாக இழுத்து ஒட்ட ஒரு ஆளால் முடியாது. மறுமுனையை நான் பிடித்தேன். பிறகு உரிக்கிறதும் என் வேலையாகிவிட்டது. அவள் அவசரத்தில் இழுத்து ஒரு இடத்தில் பெயின்ட் பிய்ந்து வந்தது. "நீ தள்ளு" என்று வாங்கிக்கொண்டேன். சாதிக்காய்ப் பூவை உரிக்கிற விரலுக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை.

அப்படி ஒரு நாள் சாயங்காலம், உரித்த டேப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது எனக்கு எங்கள் தோட்டத்து ஸ்டோர் ஞாபகம் வந்தது. தேயிலை அரைக்கிற ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் மேல்மாடியில் கொழுந்தை வாட்டப் பரப்புவார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். நான் சின்னப் பெண்ணாக அங்கே கூட்டப் போனபோது, பொழுது சாயும் நேரத்தில் அந்த ஜன்னல்கள் வழியாக வெயில் சரிந்து விழும். இரும்புச் சட்டங்களின் நிழல் விழுந்த இடம் கறுப்பு, மற்ற இடம் மஞ்சள், பச்சைக் கொழுந்தின்மேல் விழுந்தது ஒரு தினுசு, பலகையில் விழுந்தது ஒரு தினுசு. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார். அந்த வெயிலை அதற்குப் பிறகு நான் நினைத்ததே இல்லை. லண்டனுக்குப் போகாத அவள், ஸ்டோருக்குள்ளும் போகாத அவள், அதைத் துண்டு துண்டாக என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து ஆள் எங்கே, யானை எங்கே என்று நான் கேட்கவில்லை.

மேலே, நட்ட நடுவில், ஒரு நீள்சதுரத்தை மட்டும் அவள் விட்டு வைத்தாள். சுற்றி டேப் ஒட்டி, பழைய பூச்சையும் அங்கே சுரண்டிவிட்டு, வெறும் துணியாக வைத்திருந்தாள். "அதுதான் மாமி வெளிச்சம் உள்ளுக்கு வர்ற எடம். நல்ல வெள்ளையா வரணும். இருக்கிற பெயின்ட் சரியில்ல, டவுன்ல போயி வாங்கணும். அந்த ஒரு வெள்ளைக்காகத்தான் மத்ததெல்லாம்."

*

டவுனுக்கு அவள் போன நாள் சரஸ்வதி பூசை. மறுநாள் விஜயதசமி. அன்று சாயங்காலம்தான் ஹாஜியாரின் வான் வருவதாக ஏற்பாடு. அவருக்கு அந்த வாரமே மண்டபம் திறக்க வேண்டும். நாள் அப்படி விழுந்தது, யார் குற்றமும் இல்லை.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை என்றால் வேலை செய்கிற சாமான் அத்தனையும் சாமிக்கு முன்னால் வரும். தோட்டத்தில் இருந்தபோது என் கொழுந்துக் கூடையும் வரும். இப்போது என் சின்னக் கத்தி, தையல் மெசின், மகன் விட்டுப்போன துணி வெட்டும் கத்தரிக்கோல். எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, அவலும் கடலையும் படைத்துக் கும்பிட்டால், அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை ஒன்றையும் தொடக் கூடாது. சாமானுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா? இது எங்கள் வழக்கம்.

அந்த வருடம் வீட்டில் அதிகம் வேலை செய்த சாமான் எது? அவளுடைய ப்ரஷ்கள்தான். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வாழையிலையில் வரிசையாக வைத்தேன். அளவுகோல், பென்சில், டேப் உருளை, பெயின்ட் டப்பாக்கள், ஒன்று விடாமல். பிறகு நிமிர்ந்து பார்த்தால் படம் நிற்கிறது. ஒரு மாதமாக வீட்டில் எல்லாரையும்விடப் பெரிய ஆளாக நிற்கிறது. அதற்கு மட்டும் வைக்காமல் விட மனம் வருமா? லொறிக்கு எங்கே வைப்போம்? நெற்றியில். படத்துக்கு எது மேல், எது கீழ் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. மேலே நடுவில், வசதியாக, வெறுமையாக ஒரு இடமும் இருந்தது. கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்து வைத்து, அதன் நடுவில் தாராளமாகக் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

அவள் பெயின்ட் டப்பாவோடு உள்ளே வந்தாள். அப்படியே நின்றாள்.

"மாமி... இது என்னா?"

"பொட்டு. தெரியலயா?"

"படத்துக்கு எதுக்குப் பொட்டு?"

"மெசினுக்கு வச்சேன், கத்திக்கு வச்சேன். ஒன் படத்துக்கு மட்டும் வைக்காம உட்டா அது என்னா நெனைக்கும்?"

"அது ஒண்ணும் நெனைக்காது மாமி, அது துணி!"

"துணின்னா ஏன் ஒரு மாசமா என்னைய வீட்டுக்குள்ள ஒருக்களிச்சு நடக்க வச்ச?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது போல முகம் கோணியது. "அந்தப் பெரிய ப்ரஷ எடுத்துக் குடுங்க. ஈரம் காயிறதுக்குள்ள தேச்சு எடுத்துர்றேன்."

"நாளைக்குக் காலைல."

"மாமி!"

"பூசையில வச்சாச்சு. நாளைக்குக் காலைல."

நினைத்திருந்தால் அவளே எடுத்திருக்கலாம். கை எட்டும் தூரம்தான். எடுக்கவில்லை. வாழையிலையை ஒரு தடவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "எம் பாஸ்போட்ட வைக்கலயா மாமி? அதுவும் புஸ்தகந்தானே?"

"அது புஸ்தகமில்ல" என்றேன்.

அவள் உள்ளே போனாள். துடைக்கிற துணி ஒன்றும் பூசையில் வைத்த சாமானில்லையே என்று ஒரு பழந்துணியை நனைத்து எடுத்து வந்து துடைத்தாள். சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை. துடைக்கத் துடைக்கத் தண்ணீரோடு பரவி, பொட்டாக இருந்தது அந்த நீள்சதுரம் முழுக்க ஒரு சிவந்த மேகமாகிவிட்டது. சுற்றி டேப் இருந்ததால் அதோடு நின்றது.

மறுநாள் விடியலில் குளித்து, விளக்கு வைத்து, முதல் ப்ரஷை நானே எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் புது வெள்ளையைப் பூசினாள். காற்றாடி போட்டுக் காயவைத்தோம். காயக் காய உள்ளேயிருந்து ரோஸ் நிறம் எழும்பி வந்தது. மறுபடி பூசினாள். மறுபடி வந்தது. குங்குமம் அப்படித்தான், வந்த இடத்தை விடாது. பொழுது ஏறிக்கொண்டே போனது. அவள் ப்ரஷைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுது மாமி" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் தேத்தண்ணி ஊற்றி வந்து பக்கத்தில் வைத்தேன். பொட்டு வைத்தது பிழை என்று அப்போதும் நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேருமாகப் படத்தைப் பார்த்தோம். தேத்தண்ணி பாதி குடித்ததும் அவள் கேட்டாள்: "பாஸ் வீட்டு மரத்துல சாதிக்கா வெடிச்சிருக்கா?"

"கெடக்கும். ஏன்?"

"ஒண்ணு எடுத்துட்டு வாங்க. பூவோட."

போய்க் கேட்டு வாங்கி வந்தேன். அவள் அதைப் பிளந்து டப்பா மூடியில் வைத்தாள். வெளுத்த மஞ்சள் சதை, அதற்குள் கறுத்த கொட்டை, கொட்டையைச் சுற்றிச் சிவப்புப் பூ. வாழ்நாளில் எத்தனையோ உரித்த எனக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. அவள் அதை உற்றுப் பார்த்தபடி நிறம் குழைத்தாள். வெள்ளை வர வேண்டிய இடத்தில் அந்தச் சிவப்பை, நெஞ்சைப் பிடிக்கிற சிவப்பை, நிறையப் பூசினாள். குங்குமம் அதற்குள் அடங்கிப் போனது.

அதோடு முடியவில்லை. நடுவில் சிவப்பு வந்ததும் பக்கத்து நீலங்கள் இரண்டும் செத்துப் போயின. அவற்றைச் சதையின் மஞ்சளாக்கினாள். மஞ்சள் வந்ததும் அடியில் ஒரு பச்சை இடித்தது. அதைக் கொட்டையின் கறுப்பாக்கினாள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கூப்பிட்டது. நான் டேப்பைப் பிடிக்க, அவள் பூச, சோறு ஆறிக் கிடந்தது. கடைசி டேப் இன்னும் உரிக்காமல் இருக்கும்போதே வாசலில் வான் ஹோன் அடித்தது.

*

ஹாஜியார் தானே வந்திருந்தார். கூட அவருடைய டிரைவர், நம்மைப் போலச் சாமி கும்பிடுகிற ஆள். ஹாஜியார் உள்ளே வந்து, சலாம் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"யானை ஒண்ணும் இல்லியே, மகள்."

"இல்லீங்க."

"ராணி?"

"இல்லீங்க."

டிரைவர் என் காதருகே, "பெரியம்மா, இது படமா, படத்த மூடி வந்த பேப்பரா?" என்றான். முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன்.

"கொஞ்சம் பொறுங்க ஹாஜியார், இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு முன்னால் போனேன். நடு நீள்சதுரத்தைச் சுற்றியிருந்த கடைசி டேப்பை நகத்தால் நெருடி எடுத்து, அறுந்துவிடாமல், அவசரப்படாமல் உரித்தேன். சிவப்பு அப்படியே ஓரம் கட்டி எழுந்து நின்றது. நான் விலகினேன்.

ஹாஜியார் கண்களைச் சுருக்கினார். கிட்டே போனார், பின்னால் வந்தார், வாசல்படிவரை பின்னால் போனார். "அது பூ வெடிச்ச செவப்பு" என்றார், தனக்குத்தானே. பிறகு விரலைக் காற்றில் ஓட்டி அடிச் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். "எங்கட பள்ளிவாசல்ல முந்தி ஒரு பூ ஓட்டுத் தளம் ஈந்திச்சி. சின்னதுல தொழப் போனா கண்ணு அந்த ஓட்டுலயே ஓடும். ஒரு மூலயில தொடங்கினா எங்க முடியுதுன்னு தெரியாது. வாப்பா தலயில குட்டுவாரு." சிரித்தார். "கூரைதானே இது? அந்தக் கண்ணாடிக் கூரை?"

"ஆமாங்க" என்றாள் மருமகள். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். அவள் சொன்னாள்: "மொதலாளி, ஏத்துறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். நேத்து எங்க பூசையில இந்தப் படத்தையும் வச்சுட்டோம். பொட்டு வச்சது. அந்தச் செவப்புக்கு அடியில குங்குமம் இருக்கு. ஒங்க எடத்துல மாட்டுறது. தெரியாம குடுக்கக் கூடாது."

அவள் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. பொட்டு வைத்ததற்காக அல்ல, இவ்வளவு தூரம் வந்து இவள் தானே கதவைச் சாத்துகிறாளே என்று. ஆனால் அவள் சொன்னது சரி. ஓதித் தொழுகிற மனிதர். அவருக்குத் தெரியாமல் கொடுத்திருந்தால் நான் எப்படி நாளைக்கு அவர் மர நிழலில் உட்காருவேன்?

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஆச்சி, நீங்க படத்தக் கும்பிட்டீங்களா?"

"படத்த எதுக்குக் கும்புடறேன்? கும்புட்டது சாமிய. படத்துக்கு மரியாத செஞ்சேன். வேல செஞ்ச சாமானுக்குச் செய்யிற மரியாத."

அவர் டிரைவரின் பக்கம் திரும்பினார். "இவன் வருஷா வருஷம் என்ட வானுக்கும் லொறிக்கும் பொட்டு வைக்கிறான். நான் அன்டைக்கு அந்தப் பக்கமே போக மாட்டேன். மறுநா வந்து பாத்தா கழுவித் தொடச்சி நிக்கும். என்னடா?"

"ஆமா மொதலாளி" என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டு.

"வான் நல்லாத்தான் ஓடுது. பொட்டு மேல தெரியல்லதானே? அப்ப எனக்கு என்ன? ஏத்துடா." வாசலில் நின்று திரும்பி, "ஆனா மகள், எனக்குப் புடிச்சது பத்தாது. வர்ற ஆளுகளுக்குப் புடிக்கணும். தீவாளி மட்டும் தொங்கட்டும், பாப்பம், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

வான் போன பிறகு முன்னறை மைதானம் போல இருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளையா இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் மாமி."

"ஒனக்கு."

"எனக்குத்தான். இது வேற படம்."

இன்றுவரை அவள் அப்படித்தான் சொல்கிறாள். நான் சிவப்புப் பக்கம்.

*

தீபாவளிவரை நான் ஒரு நாளும் வேலைக்குத் தவறவில்லை. பூ உரிக்கிற இடத்தை மெல்ல மெல்ல நகர்த்தி, மண்டபம் தெரிகிற நிழலுக்குக் கொண்டுபோனேன். முதலில் வந்த பஸ்காரர்கள் படத்தைப் பார்க்கவேயில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணியில் பணிஸைத் தோய்த்துத் தின்றார்கள். இரண்டு பெண்கள் அதன் முன்னால் நின்று போனில் தங்களையே படம் பிடித்தார்கள். பிறகு ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். கூட வந்தவர்கள் தோட்டம் பார்க்கப் போக, அவர் மட்டும் கதிரையை இழுத்துப் படத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறிப் போனது. பையன் மாற்றி வைத்தான், அதுவும் ஆறிப் போனது. போகும்போது ஹாஜியாரின் கையைப் பிடித்து நெடுநேரம் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. ஹாஜியாருக்கும் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் மறுநாளிலிருந்து அவர் தன் காலைத் தேத்தண்ணியை அந்தக் கதிரையில் உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினார். கதிரையைப் பழைய இடத்துக்கு யாரும் மாற்றவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் நிழலுக்கு வந்தார். நான் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஆச்சி, எடம் மாத்திட்டீங்க போல ஈக்குது?"

"அங்க வெயிலு."

"ம்ம். மருமகள தீவாளி கழிஞ்சி திங்கக்கெழம வரச் சொல்லுங்க. மத்தச் செவுரு சும்மா ஈக்குது. ஆனா ஒண்ணு, இந்தத் தடவ பொட்டு வேணாம்."

"வச்சாலும் ஒங்களுக்குச் சொல்லமாட்டோம் ஹாஜியார்."

அவர் சிரித்த சிரிப்பில் டிரைவர் வானிலிருந்து எட்டிப் பார்த்தான்.

தீபாவளி கழிந்தது. மகன் வந்தான், சாப்பிட்டான், தூங்கினான், ஆனால் இந்தத் தடவை போகும்போது தலையை நிமிர்த்திக்கொண்டு போனான். முன்னறையில் புதுச் சட்டம் வந்து சாய்ந்தது. வாங்கு மறுபடி வாசலுக்குப் போனது. அவள் தரையில் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எட்டிப் பார்த்தாள்.

"ஏஜென்சி" என்றாள். பூசுவதை நிறுத்தவில்லை. "என் கையெல்லாம் பெயின்ட். நீங்களே சொல்லிடுங்க மாமி."

எடுத்தேன். "அவ வேலைக்குச் சேந்துட்டா" என்றேன்.

"வேலைக்கா? எந்த ஏஜென்சி மூலமா ஆத்தா? எந்த நாட்டுக்கு?"

"பலாபத்வலைக்கு."

"எங்க?" என்றான் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அவள் ப்ரஷைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமி, அந்த முனையப் புடிங்க" என்று டேப்பை நீட்டினாள்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பிடித்தேன்.